கல்லா திறக்கும்போது கம்பெனி, பில் வரும்போது டிரஸ்ட்

வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மதம் சம்பந்தப்பட்ட சுற்றுலாத் தலங்களுக்கு அரசாங்கம் வரிச்சலுகை குடுக்கறத பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு சத்தியமா நினைக்கல. அதனால இந்த தடவை மத்த கேள்வியெல்லாம் ஓரங்கட்டிட்டு இது மட்டும்தான்.

கேள்வி: அமெரிக்காவுல நோவா பேழையை, அதான் பைபிள் கதையில பெருவெள்ளத்துல உயிர்களைக் காப்பாத்தின கப்பலை, நிஜ சைஸ்ல கட்டி டிக்கெட் போட்டு காட்றாங்க, அதுக்கு அரசாங்கமே வரியைத் திருப்பிக் குடுக்குதுன்னு எழுதியிருந்தீங்க. மதமும் அரசும் தனித்தனின்னு பெருசா பேசுற நாடாச்சே சார், எப்படி இது நடந்துச்சு?

பதில்: கொஞ்சம் பெரிய கதை, பொறுமையா கேளுங்க. கென்டக்கி மாநிலத்துல வில்லியம்ஸ்டவுன்னு ஒரு சின்ன ஊர், சுமார் 4 ஆயிரம் பேர் இருப்பாங்க. அங்கதான் 'ஆர்க் என்கவுண்டர்' இருக்கு. பைபிள்ல 300 முழம் நீளம், 50 முழம் அகலம், 30 முழம் உயரம்னு கணக்கு இருக்கில்ல, அதை அப்படியே அடியா மாத்தி 510 அடி நீளத்துக்கு மரத்துலயே கட்டி வெச்சிருக்காங்க. கட்டினது 'ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ்'ங்கற அமைப்பு, தலைவர் கென் ஹாம், ஆஸ்திரேலியாக்காரர். உலகத்துக்கு வயசு சுமார் 6 ஆயிரம் வருஷம்தான், டைனோசரும் பேழையில ஏறுச்சுங்கறது அவங்க நம்பிக்கை. நம்பிக்கை அவங்களோடது, அதுல நமக்கு வழக்கு இல்ல.

இந்த திட்டத்தை 2010 டிசம்பர்ல அறிவிச்சது யாரு தெரியுமா, அந்த மாநில கவர்னரே (அங்க கவர்னர்னா நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி), ஸ்டீவ் பெஷியர், அவர் டெமாக்ரட் கட்சி. இது ஏதோ ஒரு கட்சிக்காரங்க செஞ்ச வேலைன்னு நினைச்சிடாதீங்க, வேலைவாய்ப்புன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா எல்லா கட்சியும் ஒரே மாதிரிதான் தலையாட்டும்.

கென்டக்கியில சுற்றுலா வளர்ச்சிக்குன்னு ஒரு சட்டம் இருக்கு. புதுசா ஒரு சுற்றுலாத் தலம் கட்டினா, அங்க விக்கிற டிக்கெட், சாப்பாடு, பொம்மை எல்லாத்துலயும் வசூலாகுற விற்பனை வரியை அரசாங்கமே திருப்பிக் குடுக்கும், கட்டின செலவுல 25 சதவீதம் வரைக்கும், 10 வருஷத்துக்கு. செலவு 10 லட்சம் டாலருக்கு மேல இருக்கணும், வருஷத்துல குறைஞ்சது 100 நாள் திறந்திருக்கணும், வர்றவங்கள்ல கால்வாசி பேராவது வெளி மாநிலத்துக்காரங்களா இருக்கணும், இப்படி சில கண்டிஷன். இதுல எங்கயுமே மதம்னு ஒரு வார்த்தை கிடையாது. பேழைக்காரங்களும் வரிசையில நின்னு அப்ளிகேஷன் போட்டாங்க, 2014 ஜூலைல முதல் கட்ட ஒப்புதலும் கிடைச்சுது.

அப்புறம்தான் வேலைக்கு ஆள் எடுக்கற விளம்பரத்தை யாரோ உத்துப் பாத்திருக்காங்க. விண்ணப்பிக்கறவங்க எங்க விசுவாச அறிக்கையை, அதாவது எங்க மத நம்பிக்கைகளோட பட்டியலை, ஏத்துக்கணும்னு கேட்டிருந்தது. மத அடிப்படையில ஆள் எடுக்க மாட்டோம்னு எழுதிக் குடுங்கன்னு அரசாங்கம் கேட்க, அவங்க முடியாதுன்னு சொல்ல, 2014 டிசம்பர்ல சலுகை கிடையாதுன்னு கையை விரிச்சிட்டாங்க. இது சுற்றுலாத் தலமா இருந்து மத ஊழியத்தோட, அதாவது மதப் பிரசாரத்தோட, கிளையா மாறிடுச்சுன்னு காரணம் சொன்னாங்க. 2015 பிப்ரவரில பேழைக்காரங்க ஃபெடரல் (மத்திய அரசு) கோர்ட்டுக்குப் போனாங்க, 2016 ஜனவரில ஜட்ஜ் கிரெகரி வான் டேட்டன்ஹோவ் 71 பக்கத்துல தீர்ப்பு எழுதி பேழைக்காரங்க பக்கம் நின்னுட்டார். எல்லாருக்கும் பொதுவா திறந்து வெச்ச திட்டத்துல, மதம்ங்கற ஒரே காரணத்துக்காக ஒருத்தரை மட்டும் வெளியே நிறுத்த முடியாதுங்கறதுதான் அவர் சொன்னதோட சாரம். அதுக்குள்ள கவர்னரும் மாறி மேட் பெவின் வந்துட்டார், அவர் அப்பீலே போகல. ஏப்ரல்ல சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலர் வரைக்கும் சலுகைன்னு கையெழுத்து, ஜூலை 7 திறப்பு விழா. அவ்ளோதான்.

கேள்வி: அரசாங்கம் தன் கையில இருந்து ஒரு டாலர் கூட குடுக்கலயே, அங்க வர்றவங்க கட்டுற வரியில இருந்துதானே திரும்பத் தர்றாங்க. அந்த இடமே இல்லன்னா அந்த வரியும் இல்ல. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?

பதில்: அவங்க தரப்புலயும் இதையேதான் சொல்லிட்டிருக்காங்க, பேழையைக் கட்ட வரிப்பணம் தொடவே இல்லன்னு. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. நானும் முதல்ல சரிதானேன்னு தலையாட்டிட்டேன், அப்புறம் ஒரு டிக்கெட்டை எடுத்து வெச்சு கணக்கு போட்டு பாத்தேன். திறந்த புதுசுல பெரியவங்களுக்கு டிக்கெட் 40 டாலர். அந்த மாநிலத்துல விற்பனை வரி 6 சதவீதம், அப்போ 2 டாலர் 40 சென்ட். இந்த 2.40 வழக்கமா மாநில கஜானாவுக்குப் போய் ஸ்கூல், ரோடு, ஆஸ்பத்திரின்னு பிரியும். இங்க அது கஜானா வாசல் வரைக்கும் போய்ட்டு யு-டர்ன் போட்டு டிக்கெட் வித்தவர்கிட்டயே வந்துடுது. இது புதுப் பணமா இருந்தா சரி. ஆனா பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் வேற எங்கயாவது, ஒரு ஜூவுக்கோ ஹோட்டலுக்கோ குடும்பத்தோட போய் செலவு பண்ணியிருப்பாரில்ல, அதே 40 டாலரை இங்க கொண்டு வந்து குடுத்தா மாநிலத்துக்கு வர வேண்டிய வரிதானே காணாம போகுது? வெளி மாநிலத்துக்காரங்க கால்வாசியாவது வரணும்னு கண்டிஷன் வெச்சதே இதுக்காகத்தான்.

இது மாநிலம் குடுத்தது. ஊர் குடுத்தது தனிக் கதை, யாரும் அதிகமா பேசாதது அதுதான், எனக்கு அதுதான் ரொம்ப உறுத்துது. 2013 கடைசியில வில்லியம்ஸ்டவுன் நகராட்சி 6 கோடியே 20 லட்சம் டாலருக்கு பாண்டு, அதாவது கடன் பத்திரம், வெளியிட்டுச்சு. பாண்டு வாங்கினவங்க காசுல பேழை வேலை நடக்கும். கடனை அடைக்கறது எப்படின்னா, காலி நிலமா இருந்தப்போ அந்த இடத்துக்கு வந்த சொத்துவரி எவ்ளோ, கட்டினப்புறம் எவ்ளோ, அந்த வித்தியாசத்துல 75 சதவீதம் 30 வருஷத்துக்கு கடனுக்கே போயிடும். நகராட்சிக்கு இதுல பொறுப்பு கிடையாது, கடன் வராம போனா பாண்டு வாங்கினவர் பாடுன்னு எழுதியிருக்காங்க, அந்த மட்டும் புத்திசாலித்தனம்தான்.

இன்னொண்ணு இருக்கு. பேழை இருக்கற அந்தப் பகுதிக்குள்ள வேலை பாக்கறவங்க சம்பளத்துல 2 சதவீதம் பிடிச்சு அதையும் இந்த கடனுக்கே கட்றாங்க. அங்க டிக்கெட் கிழிக்கற ஒருத்தர் வாரம் 400 டாலர் வாங்குறார்னு வெச்சுக்குங்க, சம்பளச் சீட்டுல 8 டாலர் கழிச்சிருக்கும். அந்த 8 டாலர் அவர் வேலை பாக்கற இடத்தைக் கட்ட வாங்கின கடனுக்குப் போகுது. விசுவாச அறிக்கையிலயும் கையெழுத்து போட்டு, முதலாளியோட கடனுக்கும் மாசாமாசம் மொய் வெக்கணும். இந்த ஏற்பாடு பேழைக்குன்னு புதுசா கண்டுபிடிச்சது இல்ல, அங்க சட்டத்துல ஏற்கெனவே இருக்கறதுதான், ஆனா அந்த 8 டாலரை எடுத்து வெச்சுக்கிட்டு யாருக்கு நஷ்டம்னு கேட்டா பதில் சொல்ல கஷ்டமாதான் இருக்கு.

அதுக்கு பதிலா ஊருக்கு என்ன வந்துச்சு? முதல் வருஷம் சுமார் 10 லட்சம் பேர் வந்தாங்கன்னு அவங்களே சொன்னாங்க, அது சின்ன கூட்டம் இல்ல. ஆனா பேழை ஹைவேக்கு ஒரு பக்கம், ஊர்க் கடைத்தெரு இன்னொரு பக்கம். காரை எக்சிட்ல இறக்கி பாத்துட்டு அப்படியே திரும்பி ஹைவே ஏறிட்டா ஊருக்குள்ள ஒரு காபி கூட விக்காது. 2017ல அந்த கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) நிர்வாகமே பட்ஜெட்ல துண்டு விழுந்து திண்டாடிட்டு இருந்துச்சு.

கேள்வி: எங்க மதத்துக்காரங்களைத்தான் வேலைக்கு எடுப்போம்னு சொல்றது அங்க சட்டப்படி தப்பு இல்லயா?

பதில்: மத அமைப்புக்கு தப்பு இல்ல. 1964 சிவில் உரிமைச் சட்டத்துலயே அவங்களுக்கு விலக்கு இருக்கு. சால்ட் லேக் சிட்டியில மார்மன்ங்கற மதப் பிரிவோட சர்ச் நடத்தின ஒரு ஜிம்ல, கட்டடத்தைப் பராமரிக்கற வேலை பாத்தவரை சர்ச்சோட தகுதிச் சான்று இல்லன்னு வேலையை விட்டு எடுத்துட்டாங்க. குழாய் ரிப்பேர் பாக்கறதுக்கும் ஞானஸ்நானத்துக்கும் என்ன சம்பந்தம்னு நமக்குத் தோணும், ஆனா 1987ல சுப்ரீம் கோர்ட் சர்ச் பக்கம்தான் நின்னுச்சு. அது லாப நோக்கம் இல்லாத ஜிம். பேழையை நடத்தறது லாப நோக்கம் உள்ள ஒரு கம்பெனி, அதோட சொந்தக்காரர் ஒரு லாப நோக்கம் இல்லாத மத அமைப்பு, இப்படி ஒண்ணுக்குள்ள ஒண்ணா வெங்காயம் மாதிரி. இந்த விலக்கு இவங்களுக்கும் உண்டுன்னு 2016 தீர்ப்பு சொல்லிடுச்சு. அந்த தீர்ப்புல முதல் பாதியோட நான் ஒத்துப்போறேன். கார் ரேஸ் மைதானத்துக்கு குடுக்கற சலுகையை பேழைக்கு மறுக்கறது எனக்கும் நியாயமா படல. இந்த ரெண்டாவது பாதிதான் எனக்கு இன்னும் ஜீரணமாகல.

கேள்வி: பேழைக்கே மழையில சேதம்னு கேஸ் போட்டாங்களாமே, நிஜமாவா?

பதில்: நிஜம்தான், ஆனா பேழைக்கு இல்ல, அதுக்குப் போற ரோட்டுக்கு. பலமான மழையில மண் சரிஞ்சு ரோடு பாழாச்சு, இன்சூரன்ஸ் கம்பெனிங்க முழுசா குடுக்கலன்னு 2019ல கேஸ். நோவா காலத்துல இன்சூரன்ஸ் இல்லாததால இந்த வம்பு இல்ல.

கேள்வி: போன இதழ்ல கம்பெனி, டிரஸ்ட்னு கிண்டல் பண்ணி இருந்தீங்க. மத நம்பிக்கை உள்ளவங்களை இப்படி பொதுவா சொல்றது சரியா?

பதில்: பொதுவா சொல்லல, ஒரே ஒரு சம்பவத்தை வெச்சுதான் சொன்னேன், போன தடவை இடமில்லாம விட்டுட்டேன், இப்போ முழுசா சொல்றேன், நீங்களே சொல்லுங்க.

2017ல வில்லியம்ஸ்டவுன் நகராட்சி ஒரு சின்ன கட்டணம் போட்டுச்சு. இவ்ளோ கூட்டம் வருது, யாராவது மயங்கி விழுந்தா ஆம்புலன்ஸ் நம்ம ஊர்ல இருந்துதான் போகணும், தீயணைப்பு வண்டி, போலீஸ் எல்லாம் கூடுதலா வேணும், அதனால டிக்கெட்டுக்கு 50 சென்ட் பாதுகாப்புக் கட்டணம்னு. 40 டாலர் டிக்கெட்ல அரை டாலர், அதுவும் வர்றவர் தலையிலதான். பேழைக்காரங்க என்ன சொன்னாங்கன்னா, நாங்க மத அமைப்பு, எங்களுக்கு இது பொருந்தாது. சொன்னதோட நிக்கல, ஜூன் கடைசியில அந்த நிலத்தை லாப நோக்கம் உள்ள கம்பெனி பேர்ல இருந்து, லாப நோக்கம் இல்லாத தாய் அமைப்பு பேருக்கு மாத்தி எழுதிட்டாங்க. பத்திரத்துல விலை எவ்ளோ தெரியுமா, 10 டாலர். சொத்து மதிப்பு 4 கோடியே 80 லட்சம் டாலர். ரெண்டு ஐஸ்கிரீம் வாங்கற காசுக்கு 510 அடி கப்பல் கைமாறிடுச்சு.

அங்கதான் மாட்டினாங்க. மாநில அரசு ஜூலைல லெட்டர் போட்டுச்சு, வரிச்சலுகை ஒப்பந்தம் எங்களுக்கும் அந்த கம்பெனிக்கும் நடுவுலதான், இப்போ நிலம் கம்பெனிகிட்ட இல்ல, அதனால சலுகையை நிறுத்தி வெக்கறோம்னு. லெட்டர் கிடைச்ச சில நாள்லயே அதே நிலம் அதே 10 டாலருக்கு திரும்ப கம்பெனி பேருக்கே வந்துடுச்சு, 50 சென்ட்டும் கட்டறோம்னு ஒத்துக்கிட்டாங்க.

சலுகை வாங்கும்போது சுற்றுலா வியாபாரம், ஆள் எடுக்கும்போது மத அமைப்பு, கட்டணம் வரும்போது தர்ம ஸ்தாபனம், சலுகை போயிடும்னா மறுபடி வியாபாரம். ஒரு வீட்டுக்கு ரெண்டு வாசல் வெச்சு, வசூலுக்கு வர்றவரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு அலைய விடறதுல எனக்கு பக்தி எங்கன்னு தெரியல, சாமர்த்தியம் தெரியுது. சாமர்த்தியம் குற்றம் இல்ல, ஆனா அதுக்கு மதத்தை முன்னால நிறுத்தறாங்க பாருங்க, அதைத்தான் கிண்டல் பண்ணேன். உண்மையான விசுவாசிங்களே இதுக்கு முகம் சுளிச்சிருப்பாங்க.

கேள்வி: கோயில், சர்ச், மசூதிக்கு எல்லா நாட்டுலயும் சொத்துவரி விலக்கு இருக்கு. அதை ஒத்துக்கறீங்க, தீம் பார்க்குக்கு மட்டும் ஏன் கோபம்?

பதில்: வழிபடற இடத்துக்கு விலக்கு வேற, டிக்கெட் கவுண்டருக்கு விலக்கு வேற. அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1970ல வால்ஸ் வழக்குல வழிபாட்டு இடத்துக்கு சொத்துவரி விலக்கு குடுக்கலாம்னு சொன்னப்போ, வரி போடணும்னா சர்ச் கட்டடத்தை மதிப்பு போடணும், பாக்கி வெச்சா ஜப்தி பண்ணணும், அப்பதான் அரசு மதத்துக்குள்ள இன்னும் ஆழமா மூக்கை நுழைக்கும்னு ஒரு காரணம் சொன்னாங்க. எனக்கு அது ஒத்துக்கக்கூடிய காரணமா இருக்கு. டிக்கெட் வாங்காம உள்ள விடாத இடத்துக்கு அதே காரணம் எப்படி ஒட்டும்?

ஒட்ட வெச்ச ஊரும் இருக்கு. ஃபுளோரிடாவுல ஆர்லாண்டோ, டிஸ்னி வேர்ல்டுக்கு பக்கத்துல இருக்கற ஊர்தான், அங்க 2001ல 'ஹோலி லேண்ட் எக்ஸ்பீரியன்ஸ்'னு ஒண்ணு திறந்தாங்க, பழைய ஜெருசலேம் மாதிரி செட் போட்டு. சொத்துவரி அதிகாரி இது தீம் பார்க், கட்டுங்கன்னார், இவங்க இது ஊழியம்னு சொல்லி கோர்ட்டுக்குப் போய் 2005ல ஜெயிச்சாங்க. அடுத்த வருஷம் மாநில சட்டசபையே பைபிள் சம்பந்தப்பட்ட இந்த மாதிரி இடங்களுக்கு விலக்குன்னு சட்டம் போட்டுடுச்சு, ஒரே கண்டிஷன், வருஷத்துல ஒரு நாள் பொதுமக்களை இலவசமா விடணும். 364 நாள் காசு, ஒரு நாள் தர்மம். கடைசியில என்ன ஆச்சுன்னா 2021ல அந்த இடத்தை ஒரு மருத்துவமனை நிறுவனத்துக்கு வித்துட்டாங்க.

கேள்வி: பிரான்ஸ்ல நோட்ரடாமை, பாரிஸ்ல இருக்கற அந்த பழைய கதீட்ரலை (பெரிய சர்ச்), அரசாங்கம்தானே வெச்சிருக்கு, அப்போ அங்க இந்த பிரச்சனையே இல்லயா?

பதில்: அங்க பிரச்சனை தலைகீழா இருக்கு. 1905ல சர்ச், அரசு ரெண்டையும் பிரிச்ச சட்டப்படி அதுக்கு முன்னால கட்டின கதீட்ரல்கள் அரசு சொத்து, ஊர்ச் சர்ச்சுகள் நகராட்சி சொத்து, ஆனா உள்ள பூசை நடத்த சர்ச்சுக்கு உரிமை. அதனால கூரை ஒழுகினா அரசுதான் பாக்கணும். 2019 ஏப்ரல்ல நோட்ரடாம் எரிஞ்சப்போ நன்கொடை சுமார் 84 கோடி யூரோ குவிஞ்சுது, குடுத்தவங்களுக்கு வரிக்கழிவும் உண்டு. 2024ல திறக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி கலாசார அமைச்சர் ரஷிதா தாத்தி, சுற்றுலாக்காரங்ககிட்ட ஆளுக்கு 5 யூரோ வாங்கினா அந்த காசுல மத்த பழைய சர்ச்சுகளைக் காப்பாத்தலாமேன்னு யோசனை சொன்னாங்க. சர்ச் தரப்பு முடியவே முடியாதுன்னு சொல்லிட்டாங்க, சாமி கும்பிட வர்றவர் யாரு, வேடிக்கை பாக்க வர்றவர் யாருன்னு வாசல்ல நின்னு பிரிக்க முடியாதுன்னு. கென்டக்கியில அரை டாலருக்கு பத்திரத்தை மாத்துறாங்க, இங்க வர்ற காசையே வேணாங்கறாங்க.

கேள்வி: இந்தியாவுல சட்டம் என்ன சொல்லுது?

பதில்: அரசியல் சட்டம் 27ஆவது பிரிவு, ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்க்கறதுக்குன்னே ஒதுக்கற வரியை யாரையும் கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாதுங்குது. ஹஜ் மானியத்தை எதிர்த்து வந்த வழக்குல 2011ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, மொத்த வரியில ஒரு பெரிய பங்கு, உதாரணத்துக்கு 25 சதவீதம், ஒரு மதத்துக்குப் போனா தப்பு, சின்ன துளி போனா தப்பு இல்லன்னு. அடுத்த வருஷமே 10 வருஷத்துல மானியத்தைக் குறைச்சு நிறுத்துங்கன்னும் சொல்லிடுச்சு, 2018லயே அது நின்னுபோச்சு. பெரிசு எவ்ளோ, துளி எவ்ளோன்னு யாரு கோடு கிழிக்கறதுன்னு கேட்காதீங்க, அதுக்குத்தான் வக்கீல்கள் இருக்காங்க. யாத்திரைத் தலங்களுக்கு மத்திய அரசு 2014-15ல ஆரம்பிச்ச பிரசாத் திட்டத்துல காசு போறது பெரும்பாலும் மதில் சுவருக்கு வெளிய, பார்க்கிங், கழிப்பறை, விளக்கு இப்படி. எல்லா மதத்துக்காரனும் நம்பாதவனும் உபயோகிக்கற விஷயம், அதனால சண்டையும் கம்மி.

கேள்வி: நீங்க அந்த இடத்துல அதிகாரியா இருந்தா அப்ளிகேஷன்ல கையெழுத்து போட்டிருப்பீங்களா?

பதில்: சட்டம் அப்படி இருக்கும்போது போட்டுத்தான் ஆகணும், ஆனா கூட ஒரு காகிதத்தையும் நீட்டியிருப்பேன். நீங்க யாருன்னு இன்னிக்கே முடிவு பண்ணி எழுதுங்க, சலுகை இருக்கற 10 வருஷமும் எல்லா ஆபீஸுக்கும் அதே பதில்தான்னு. அப்புறம் அந்த சம்பளத்துல பிடிக்கற 2 சதவீதத்தை முதலாளியே கட்டட்டும்னு கேட்டிருப்பேன். அடுத்த வாரமே என்னை வேற டிபார்ட்மென்டுக்கு மாத்தியிருப்பாங்க.

கேள்வி: இவ்ளோ திட்டறீங்களே, கூப்பிட்டா போய் பாப்பீங்களா?

பதில்: கண்டிப்பா போவேன், அவ்ளோ பெரிய மர வேலையை யாரு விடுவா. டிக்கெட் பில்லை மட்டும் பத்திரமா வாங்கி வெச்சுக்குவேன், அதுல வரி எவ்ளோ போட்டிருக்கு, அந்த 50 சென்ட் தனியா இருக்கான்னு பாக்கணும்.